விலகிச் செல்லும் கப்டன்கள்

1854ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 11ஆந் திகதி. வட கலிபோர்னியாவிலே, பசிபிக் கடலோரத்தில் அமைந்த ஹம்போல்ட் கோட்டை என்னும் சிறிய காவற்கோட்டையில் முப்பத்தொரு வயதினரான படை அதிகாரி ஒருவர் அன்று இரண்டு கடிதங்கள் எழுதினார். தமக்கு வழங்கப்பட்ட கப்டன் பதவியை ஏற்றுக்கொள்வதாக முதற் கடிதம் அறிவித்தது. படையிலிருந்தே விலகுவதாக இரண்டாம் கடிதம் அறிவித்தது. இரண்டும் ஒரே நாளில் எழுதப்பட்டவை. எழுதியவர் யுலிசீஸ் கிராண்ட்.

வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் 1843ஆம் ஆண்டு தேறியவர் அவர். மெக்சிக்கோ யுத்தத்தில் தீரமாகப் பணியாற்றியவர். மனைவியும் இரு புதல்வரும் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நாட்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தனர். இளைய புதல்வனை அவர் கண்ணாற் கண்டதுமில்லை. கப்டனுக்குக் கிடைத்த ஊதியத்தில் குடும்பத்தை மேற்குக் கரைக்கு அழைத்துவந்து காப்பாற்ற வழியில்லை. கோட்டையில் வேலையும் அதிகமில்லை. மதுப் பழக்கமே விலகலுக்குக் காரணம் என்றொரு வதந்தி பிற்காலம் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. அதில் எவ்வளவு உண்மையுண்டு என்பதை ஆய்வாளர் இன்னும் விவாதிக்கின்றனர். ஆனால், தனிமையும் வறுமையும் எதிர்காலம் இன்மையும் ஒருவரை வருத்தும்பொழுது, மது காரணமா விளைவா என்று பிரித்தறிதல் எளிதன்று. அப்பொழுது அமெரிக்காவின் யுத்தச் செயலாளராக இருந்தவர் ஜெபர்சன் டேவிஸ். அவர் அந்த விலகற் கடிதத்தை மறுசிந்தனையின்றி ஏற்றுக்கொண்டார். ஏழு ஆண்டுகளின் பின் தென்மாநிலங்களின் கலகக் கூட்டாட்சிக்குத் தலைவராகி, அதே கிராண்டின் சேனையாலே தோல்வியுறப்போகின்றவர் தாமே என்பதை டேவிஸ் எங்ஙனம் அறிவார்?

விலகிய கிராண்ட் செயின்ட் லூயிஸ் நகரின் தெருக்களில் விறகு விற்றார். பின்னர்த் தந்தையாரின் தோல் வியாபார நிலையத்தில் உதவியாளராக இருந்தார். 1861ஆம் ஆண்டில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தமது சேவையை ஏற்குமாறு அவர் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இலினோய் மாநில ஆளுநரே அவரை ஒரு தொண்டர் படைக்குக் கேணலாக நியமித்தார். மூன்றாண்டு செல்லுமுன் அவர் அமெரிக்கச் சேனை முழுவதற்கும் தலைவரானார்.

இது தனியொருவரின் கதையாயின் விதியின் விளையாட்டென்று விட்டுவிடலாம். ஆனால், வில்லியம் ஷெர்மன் 1853இல் கப்டன் பதவியைத் துறந்து வங்கித் தொழிலுக்குச் சென்றார். ஹென்றி ஹாலெக் 1854இல் துறந்து சட்டத் தொழிலை மேற்கொண்டார். ஜோர்ஜ் மக்ளெலன் 1857இல் துறந்து புகையிரதக் கம்பனியிற் சேர்ந்தார். உள்நாட்டு யுத்தத்தில் வடபகுதிச் சேனைகளை நடத்திய பெருந்தலைவர் நால்வர் முன்னரே கப்டன் பதவியில் மனமுடைந்து வெளியேறியவர்கள். அவர்களை உள்ளே வைத்திருக்கத் தெரியாத ஓர் அமைப்பு, பேராபத்து நேர்ந்தபொழுது வெளியிலிருந்து தேடிப் பிடிக்கவேண்டியதாயிற்று. அவர்கள் உயிரோடிருந்ததும் மீண்டும் வர விரும்பியதும் அந்நாட்டின் நற்பேறு.

அக்காலத்து அமெரிக்கப் படையில் பதவி உயர்வு என்பது வரிசையில் நிற்பதேயன்றி வேறில்லை. மேலே இருப்பவர் இறந்தாலோ விலகினாலோதான் கீழே இருப்பவர் ஓரடி முன்னே வைக்கலாம். அதிகாரிகளை இளைப்பாறச் செய்வதற்கு 1861ஆம் ஆண்டு ஆகஸ்ட் வரை சட்டமே இருக்கவில்லை. இளைப்பாற்றுச் சம்பளம் இல்லாமையால் முதியவர்கள், குதிரையேறவும் இயலாத நிலையிலுங்கூட, பதவியைப் பற்றிக்கொண்டிருந்தனர். அவர்களையும் குறைகூற முடியாது. வயிற்றுக்கு வேறு வழியில்லை. அவர்களுக்குக் கீழே நின்ற ஆற்றல்மிக்க இளைஞன், தன் தலை நரைக்கும்வரை காத்திருப்பதா, வெளியுலகிலே தன் திறமையை விற்பதா என்று கணக்குப் பார்த்தான்.

ஓர் இளைஞர் போனால் இன்னோர் இளைஞர் வரமாட்டாரா என்ற ஐயம் நேயர் பலருக்கு எழுதல் இயல்பே. வணிக நிலையம் ஒன்றில் அனுபவமுள்ள கணக்காளர் விலகினால் வேறொரு நிலையத்தில் பயின்றவரைக் கூடிய சம்பளங் கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம். படைக்கு அந்த வசதி கிடையாது. வைத்தியர், வழக்கறிஞர் போன்ற சிலரை நீக்கிப் பார்த்தால், படையதிகாரி எல்லோரும் அடிப்படியில் ஏறியே மேலே வரவேண்டும். நூறுக்கு மேற்பட்ட வீரரைக் கொண்ட ஒரு கொம்பனியை நடத்தும் கப்டன் சந்தையிலே கிடைக்கும் சரக்கல்லன். இன்று ஒரு கப்டனை இழக்கும் படை, ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு மேஜரையும், பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு லெப்டினன்ட் கேணலையும் சேர்த்தே இழக்கின்றது. இழப்பு உடனே தெரிவதில்லை என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம். நட்டம் கணக்கேட்டில் ஏறும்பொழுது அதற்குப் பொறுப்பானவர்கள் இளைப்பாறி வீட்டில் இருப்பர்.

அடுத்து இரு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தை நோக்கலாம். 1917, 1918ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படை திடீரெனப் பெருகிற்று. ஏராளமானோர் ஏறத்தாழ ஒரே காலத்தில் அதிகாரிகளாயினர். யுத்தம் முடிந்தபின் படை சுருங்கியது. ஆயினும் அவர்களிற் பலர் பதிவேட்டில் ஒருங்கே நிலைத்தனர். மூப்பு முறைப்படி அமைந்த பதவிப் பட்டியலில் ஒரு காளையின் திமில்போல அவர்கள் உயர்ந்து நின்றமையால், படையினர் அதற்குத் திமில் என்றே பெயரிட்டிருந்தனர். அதற்குப் பின்னால் அகப்பட்டோரும் நடுவே சிக்கியோரும் அசையமுடியவில்லை.

அவர்களில் ஒருவர் டுவைட் ஐசன்ஹோவர். 1918இல் கெட்டிஸ்பேர்க்கில் தாங்கிப் படைப் பயிற்சி முகாமைத் தற்காலிக லெப்டினன்ட் கேணலாக நடத்தியவர். 1920ஆம் ஆண்டு ஜூலையில் மேஜராக நிலைநிறுத்தப்பட்டார். அதற்கு மேற்பட்ட பதவி 1936ஆம் ஆண்டு ஜூலையில் வந்தது. பதினாறு ஆண்டுகளாக மேஜருக்கு மேல் உயர்வில்லை! அத்துணை காலமும் அவர் திறமையற்றுக் கிடந்தாரல்லர். தாங்கிப் படையின் எதிர்காலம்பற்றி 1920இல் அவர் எழுதிய கட்டுரை காலாட்படை ஏடு ஒன்றில் வெளிவந்தது. தாங்கிகள் காலாட்படையின் நடைவேகத்திற்குக் கட்டுப்பட்டுத் தவழவேண்டியதில்லை, விரைந்து கூட்டாக இயங்கவேண்டும் என்ற கருத்தை அவரும் ஜோர்ஜ் பட்டனும் அந்நாளில் வளர்த்துவந்தனர். இதற்குக் கிடைத்த பரிசு யாது? காலாட்படைத் தலைவர் அவரை அழைத்து, அவர் கருத்துக்கள் பிழையானவை மட்டுமல்ல, ஆபத்தானவையும் என்றார். இனியும் வெளியிட்டால் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிற்க நேரிடும் என்றும் எச்சரித்தார். ஐசன்ஹோவரே இதனைத் தம் நினைவுநூலில் எழுதியிருக்கின்றார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மாணவப் பருவத்தில் அவர் சிறந்த உதைபந்தாட்ட வீரர். முழங்கால் முறிந்தபின் பயிற்சியாளரானார். படைத் தலைமையகம் அவரிடம் கண்ட திறமைகளுள் இதுவே முதன்மையானது போலும்! 1924இல் பனாமாவிலிருந்து திரும்பியவரைப் படையணியின் உதைபந்தாட்டக் குழுவைப் பயிற்றவே அனுப்பினர். பிற்காலத்தில் நோர்மண்டித் தரையிறக்கத்தை நடத்தப்போகும் மனிதர் மைதான ஓரத்தில் ஊதுகுழலுடன் நின்றார்.

அத்தகையவர் ஏன் விலகவில்லை? 1930களின் தொடக்கத்தில், செய்திப் பத்திரிகை நிறுவனம் ஒன்று இராணுவ விவகார ஆசிரியர் பதவியைத் தர முன்வந்தது. ஊதியம் அவரது படைச் சம்பளத்தைப்போலப் பன்மடங்கு. அவர் மறுத்துவிட்டார். மறுமொழியின் வேரைப் பனாமாவிலேதான் தேடவேண்டும். 1922 முதல் 1924 வரை அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் பொக்ஸ் கொனர் என்னும் ஜெனரல். கொனர் தம் வீட்டு நூல்களை இளைஞரிடம் கொடுத்து வாசிக்கச் செய்தார். வாசித்ததைக் குறித்துக் கேள்விகள் தொடுத்தார். கிளவுசவிட்சின் யுத்த நூலை மும்முறை வாசிக்கச் செய்தார். இன்னொரு பெரும் போர் வரும், அது நேச நாடுகளின் கூட்டுத் தலைமையில் நடைபெறும், அதற்கு ஆயத்தமாக இரு என்றும் இடைவிடாது கூறினார். பின்னர், காலாட்படைத் தலைவரின் அலுவலகம் ஐசன்ஹோவரின் மேற்படிப்புக்கு வழிவிடாதபொழுது, வேறொரு வழியாக லெவன்வேர்த் கல்லூரியில் அவருக்கு இடம்பெற்றுக் கொடுத்தவரும் கொனரே. 1926இல் ஐசன்ஹோவர் அங்கே முதன்மையாகத் தேறினார். பதவியும் பணமும் கொடுக்க இயலாத அமைப்பிலே, ஒரு மேலதிகாரி அவருக்கு ஒரு நோக்கத்தைக் கொடுத்தார். கொனர் போன்றவரைச் சந்திக்காத எத்தனை மேஜர்கள் சோர்ந்து மழுங்கினர் என்பதற்குப் பதிவேடு இல்லை.

1939ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி, ஜெர்மனி போலந்தின்மீது பாய்ந்த அதே நாளில், படைத் தலைமையை ஏற்றவர் ஜோர்ஜ் மார்ஷல். மூப்பு முறையின் கொடுமையை அவர் தம்முடலிலேயே அனுபவித்திருந்தார்: 1902இல் அதிகாரியான அவர் கப்டனானது 1916இல். ஆகையால் தயவு தாட்சணியமின்றி நடந்தார். தற்காலிகப் பதவி உயர்வைத் தெரிவு முறையில் வழங்குவதற்கு 1940இல் காங்கிரஸ் சபையிடம் அதிகாரம் பெற்றார். மறுவருடம், முதியவரையும் தளர்ந்தவரையும் பட்டியலிலிருந்து நீக்க ஒரு குழுவை இயக்கினார். அதற்குத் தலைமை தாங்கியவர் மார்ஷலுக்கு முன் அப்பதவியில் இருந்து இளைப்பாறிய மலின் கிரெய்க். நூற்றுக்கணக்கானோர் நீக்கப்பட்டனர். அவர்களிற் பலர் மார்ஷலின் நெடுநாள் நண்பர்கள். வழி திறந்தது. பென்னிங் கோட்டைக் காலாட்படைப் பள்ளியில் தாம் நேரிற் கண்டறிந்த ஒமர் பிராட்லியை, கேணல் படியைத் தாண்டி, லெப்டினன்ட் கேணலிலிருந்து பிரிகேடியர் ஜெனரலாக 1941இல் உயர்த்தினார். 1941 மார்ச்சில் கேணலான ஐசன்ஹோவர், இரண்டாண்டு நிறையுமுன் நான்கு நட்சத்திர ஜெனரலாயினார்.

யுத்தத்தின் பின், இனித் தேக்கம் கூடாது என்று 1947இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மேலே ஏறு, அன்றேல் வெளியேறு என்பதே அதன் உட்கருத்து. 1980ஆம் ஆண்டுச் சட்டம் அதனை எல்லாப் படைகளுக்கும் சீராக்கிற்று. ஏறத்தாழப் பத்தாவது ஆண்டில் மேஜர், பதினாறாவது ஆண்டில் லெப்டினன்ட் கேணல், இருபத்திரண்டாவது ஆண்டில் கேணல். திமில் மறைந்தது உண்மை. ஆனால், அதன் இடத்திலே கடிகாரம் ஒன்று வந்து அமர்ந்தது. மிகச் சிலர் ஓரிரு ஆண்டு முந்தலாம். மற்றையோர், மேதையும் சாதாரணரும், ஒரே மணியடிப்புக்கே எழுந்து நடக்கவேண்டும். இருபது ஆண்டு முடித்தால் ஆயுள்முழுதும் இளைப்பாற்றுச் சம்பளம். அதற்கு முன் போனால் வெறுங்கை. இவ்விதி பதினான்கு ஆண்டு பணிசெய்த மேஜரைக் கட்டிப்போட்டது. ஆறாண்டு பணிசெய்த கப்டனையோ, இப்பொழுதே போய்விடு என்று தூண்டிற்று. 2018ஆம் ஆண்டு முதல் சேர்வோருக்கு இவ்விதி ஓரளவு தளர்த்தப்பட்டுள்ளது.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வெளிப்பட்டது. பனிப்போர் முடிந்த 1990களில் சிக்கனம் கருதி மிகக் குறைந்தோரையே அதிகாரிகளாகச் சேர்த்திருந்தனர். 2004 முதல் படையணிகள் மறுசீரமைக்கப்பட்டு அதிகாரிகளின் தேவை பெருகியபொழுது, அவ்வாண்டுகளின் கப்டன்கள் போதவில்லை. 2007 ஏப்ரிலில் களச்சேவைக் காலம் பன்னிரண்டு மாதத்திலிருந்து பதினைந்து மாதமாக நீட்டப்பட்டது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் களம் சென்று திரும்பிய கப்டன்களின் வீடுகளில், மனைவியர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மறுபடியும் எப்பொழுது?

ஆனால், களைப்பு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டுதல் தவறு. ஈராக்கின் ஒரு நகரப் பகுதியில் இருபத்தெட்டு வயதுக் கப்டன் சண்டையையும் நடத்தினான். குலத் தலைவர்களோடு தேநீர் அருந்திப் பிணக்கும் தீர்த்தான். பாடசாலைக்குக் கூரையும் கிணற்றுக்குப் பம்பும் வாங்கப் பணமும் பகிர்ந்தான். தன் முடிவினால் மனிதர் வாழ்வதையும் சாவதையும் நாள்தோறும் கண்டவன் அவன். தாயகம் திரும்பியதும் அவனை ஒரு தலைமையகத்தின் மேசையில் அமர்த்தி, மேலதிகாரியின் கூட்டத்துக்கு விளக்கப் படங்கள் தயாரிக்கச் சொன்னார்கள். அடுத்து எங்கே அனுப்பப்படுவான் என்பதைத் தூரத்தே ஓர் அலுவலகம் தீர்மானித்தது. அரபு மொழி கற்றவனுக்கும் பொறியியல் தெரிந்தவனுக்கும் வேறுபாடு அறியாத தீர்மானம் அது. 2011 பெப்ரவரி 25ஆந் திகதி, பாதுகாப்புச் செயலாளர் ரொபர்ட் கேட்ஸ் வெஸ்ட் பொயின்ட் மாணவர் முன் பேசுகையில் இதனையே எடுத்துரைத்தார். படையின் எதிர்காலங் குறித்துத் தம் மனத்தில் உள்ள முதன்மையான கவலை இதுவென்றும், நியமன முறைகளின் இறுக்கத்தை உடைத்தாலன்றி இத்தகைய இளைஞர் நிலைக்கமாட்டார் என்றும் அவர் கூறினார். பதவியிலிருக்கும் அமைச்சர் ஒருவர் தம் துறையின் குறையை மாணவரிடமே ஒளிவுமறைவின்றிச் சொல்வது அரிது.

கப்டன்களை நிறுத்திவைக்கச் செய்த முயற்சிகளில் இரண்டை ஒப்புநோக்குதல் நன்று. 2007இல் படை பணத்தைக் கொட்டியது. மேலும் மூன்றாண்டு இருப்பதாக ஒப்பமிடும் கப்டனுக்கு, பிரிவின் தேவைக்கேற்ப 25,000 முதல் 35,000 டொலர் வரை கொடுத்தது. பல்லாயிரவர் பெற்றனர், பல கோடி டொலர் செலவாயிற்று. வார்டின்ஸ்கி, லைல், கொலாருசோ என்னும் படைசார் ஆய்வாளர் மூவர் பின்னர் இதனை ஆராய்ந்தனர். பணம் பெற்றவரிற் பெரும்பாலோர் எப்படியும் இருந்திருக்கக்கூடியவர்களே. போக எண்ணியவர்களை அது மாற்றவில்லை என்பது அவர்கள் முடிவு. உரிய ஆள் யார் என்று பாராது வாசலிலே எல்லோருக்கும் ஒரேயளவாய்ப் பங்கிட்ட பணம் வேறு என்ன செய்யும்?

மற்றைய முயற்சி அதற்கு முந்திய ஆண்டில், 2006இல், ஆரவாரமின்றித் தொடங்கியது. அதிகாரியாகுமுன்பே மாணவரை அழைத்து, நீ விரும்பும் படைப்பிரிவு, அன்றி நீ விரும்பும் முகாம், அன்றிப் பிற்காலத்தில் பல்கலைக்கழக மேற்படிப்பு, இவற்றில் ஒன்றைத் தெரிந்துகொள். பதிலாக மூன்றாண்டு கூடுதலாகப் பணிசெய் என்றனர். ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர். பிரிவும் முகாமும் தெரிவுசெய்ய விடுவதால் அரசுக்குச் செலவு ஒரு சதமுமில்லை. யாரோ ஒருவர் அங்கே சென்றுதான் ஆகவேண்டும். விரும்பியவர் செல்லட்டும் என்பதே ஏற்பாடு. முப்பத்தையாயிரம் டொலர் வாங்காத மூன்று ஆண்டுகளை, கேட்டுச் செய்த நியமனம் ஒன்று வாங்கிற்று.

வெளியேறுவோர் எல்லோருமே சிறந்தவர்தாமா என்ற விவாதமும் உண்டு. விமானப்படை அதிகாரியாக இருந்து பொருளியலாளரான டிம் கேன், நல்லவர்களே போகின்றனர் என்று 2012இல் ஒரு நூல் எழுதினார். போனவர்கள் தங்களைச் சிறந்தவர் என எண்ணிக்கொள்வது இயற்கை. இருந்தவர்களிடையேயும் மேதைகள் உளர் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். இரு பக்கத்திலும் நியாயமுண்டு. எல்லோரும் தங்கிவிட்டால் பழைய திமில் மறுபடியும் முளைக்கும். எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணியவர்கள், எத்தகையோர் போனார்கள் என்று எண்ணாமல் விட்டதே பிழை.

2018 ஆகஸ்டில் கையொப்பமான சட்டம் கடிகாரத்தின் முள்ளைச் சிறிது தளர்த்திற்று. பதவி உயர்வுப் பட்டியலை மூப்பினால் அல்லாது தகுதியினால் ஒழுங்குபடுத்தலாம். மேற்படிப்பு முதலிய காரணங்களுக்காக ஓர் அதிகாரி தம் உயர்வுப் பரிசீலனையைப் பிற்போடுமாறு கேட்கலாம். 2019இல் நியமனத்துக்கும் ஒரு சந்தைமுறை வந்தது. அதிகாரி தம் விருப்பங்களை வரிசைப்படுத்துவார். படையணியும் தன் விருப்பங்களை வரிசைப்படுத்தும். அமெரிக்காவில் புதிய வைத்தியர்களையும் வைத்தியசாலைகளையும் பொருத்தும் கணக்குமுறையை ஒத்த ஒரு முறையினால் இரண்டும் பொருத்தப்படும்.

2020இல் கென்டக்கி மாநிலத்து நொக்ஸ் கோட்டையில் மற்றொரு மாற்றம் தொடங்கியது. பட்டாலியன் தலைவராக வரும் லெப்டினன்ட் கேணல்களை அதுவரை, கோப்பைச் சில நிமிடம் புரட்டிப் பார்த்தே தெரிந்தெடுத்தனர். புதிய முறையில் அவர்கள் சில நாள் அங்கே தங்கி உடற் சோதனைக்கும் எழுத்துச் சோதனைக்கும் உளவியலாளர் விசாரணைக்கும் உட்பட்டனர். இறுதி நேர்முகத்தில், முகமும் தோற்றமும் நடுவர் மனத்தைச் சாய்க்காதவாறு இடையே திரை தொங்கிற்று. அதற்கும் முன்னதாக, அந்த லெப்டினன்ட் கேணலோடு பணிசெய்தவர்களிடமும் அவர்கீழ்ப் பணிசெய்தவர்களிடமும் கருத்துப் பெறப்பட்டது.

பட்டாலியன் தலைவரைத் தெரிவது கப்டனின் விலகலோடு எவ்வாறு தொடர்புடையது? பெரும்பாலான கப்டன்கள் காங்கிரஸ் சபையின் சட்டங்களை வாசித்து விலகுவதில்லை. தினமும் காலையில் அவர்கள் காண்பது ஒரே ஒரு மேலதிகாரியின் முகத்தைத்தான். அவர் கொனரைப்போன்று நூலைக் கொடுத்துக் கேள்வி கேட்பவரா, கட்டுரை எழுதாதே என்று அதட்டுபவரா என்பதைப் பார்த்தே அவன் இருப்பதா போவதா என்று எண்ணுகின்றான். நொக்ஸ் கோட்டைக்கு வந்து சேர்ந்த கருத்துக்களில் அத்தகைய கப்டன்கள் தம் கையால் எழுதியவையும் இருந்தன.